சின்னப் பிள்ளைகளோடு பான்டோவுக்கு: கேள்வி பதில்

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் பாதி வரை பிரிட்டனின் ஊர் ஊரான அரங்குகளில் பான்டமைம் என்ற, பாட்டும் சிரிப்பும் கலந்த கதை நாடகம் நடக்கும். பேச்சில் பான்டோ. பிள்ளைகளை முதல் தடவை கூட்டிப்போகும் பெற்றோர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: பான்டமைம் என்றால் வாய்பேசாத ஊமை நாடகம்தானே? என் 4 வயது மகள் இரண்டு மணி நேரம் சத்தம் போடாமல் உட்காரவே மாட்டாள்.

உட்கார வேண்டாம், கத்தட்டும். பெயர்தான் பழசு. 1717இல் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஜான் ரிச் என்ற நடிகர் ஹார்லெக்வின் என்ற கோமாளி வேடம் கட்டியபோது அது பேச்சில்லாத ஆட்டம். வசன நாடகம் போட ஒன்றிரண்டு அரங்குகளுக்கு மட்டுமே உரிமை இருந்த காலம் வந்தபோதும் பேச்சில்லாத ஆட்டத்துக்கு வழியிருந்தது. 1843இல் சட்டம் மாறியதும் வசனமும் சிலேடையும் தாராளமாக உள்ளே வந்தன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்றைய பான்டோவில் பார்வையாளர் வாய் திறக்காவிட்டால் கதை நகராது. அதனால் போகும் முன்பே மூன்று கூச்சல்களை வீட்டில் பழக்கிவிடுங்கள். வில்லன் வந்தால் 'பூ...' என்று நீட்டி ஊளையிடுவது. யாராவது 'ஓ நோ இட் இஸன்ட்' என்றால் 'ஓ யெஸ் இட் இஸ்' என்று மறுத்துக் கத்துவது. பின்னால் பேய் வந்தால் 'பிஹைண்ட் யூ!' இது தெரியாமல் போகிற குழந்தைக்கு, திடீரென்று ஆயிரம் பேர் கத்துவதே பயமாகிவிடும். தெரிந்த குழந்தைக்கு அதுவே விளையாட்டு. டிக்கெட் வாங்குவதை விட இந்த ஐந்து நிமிடப் பயிற்சி முக்கியம் என்பேன்.

கேள்வி: மகன் பயந்த சுபாவம். எந்த இடத்தில் சீட் எடுக்கலாம்?

மேடையை நோக்கி உட்கார்ந்தால் உங்கள் இடது கைப்பக்கம். காரணம் உண்டு. பான்டோ மரபில் தேவதை நமக்கு இடப்பக்கத்திலிருந்தும் வில்லன் வலப்பக்கத்திலிருந்தும் வருவார்கள். சொர்க்கம் ஒரு பக்கம், நரகம் மறுபக்கம் என்ற பழைய நாடக வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். எல்லாத் தயாரிப்புகளும் பின்பற்றுவதில்லை, ஆனால் பெரும்பாலும் இப்படித்தான். வில்லன் நுழையும்போது பச்சை விளக்கு, புகை, ஒரு 'டமார்' வெடி. அது வலது ஓரம் முன்வரிசையில் இருப்பவர் முகத்துக்கு நேரே நடக்கும்.

முதல் மூன்று நான்கு வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர்த் துப்பாக்கி, மாவுக்குழம்பு வீசும் காட்சி, பார்வையாளரை வம்புக்கிழுக்கும் டேம் (பெண் வேடமிட்டுச் சிரிக்க வைக்கும் ஆண்) எல்லாம் அங்கேதான். தரைத்தளமான ஸ்டால்ஸில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரிசைக்குள், நடைபாதையை ஒட்டிய சீட் நல்லது. அழுதால் யார் காலையும் மிதிக்காமல் வெளியே போகலாம்.

மேல்தட்டான சர்க்கிளின் முன்வரிசையிலிருந்து பெரியவர்களுக்கு அருமையாகத் தெரியும். மூன்று வயதுக்காரருக்கோ கண்ணுக்கு நேரே கைப்பிடிக் கம்பிதான் தெரியும். பிள்ளையை மடியில் தூக்கிக் காட்டலாமென்று கம்பியருகே எழுந்து நிற்கக் கூடாது. பழைய அரங்குகளின் மேல்தட்டு செங்குத்தாக இருக்கும். 'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்று மலிவாகப் போட்டிருந்தால் முன்னால் தூண் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம் போதாதவர்களுக்குப் பூஸ்டர் குஷன் வாசலில் அடுக்கியிருப்பார்கள். அளவாகத்தான் இருக்கும். அரை மணி முன்னால் போனால் கிடைக்கும், மணி அடித்தபின் போனால் உங்கள் கோட்டை மடித்துப் போட வேண்டியதுதான்.

கேள்வி: எந்தக் கதை முதலில் நல்லது?

4 வயதுக்குள் என்றால் சிண்ட்ரெல்லா. கெட்டவர்கள் சிரிக்க வைக்கும் அக்காமார்தான், அரக்கன் கிடையாது. பூசணிக்காய் ரதமாக மாறுவது இடைவேளைக்குச் சற்று முன் வரும், அந்தக் காட்சிக்குத்தான் நிறையப் பணம் செலவழிப்பார்கள். ஜாக் அண்ட் த பீன்ஸ்டாக்கில் ராட்சதனின் குரல் ஸ்பீக்கரில் அதிரும், அதற்கு 5 வயதாவது ஆகட்டும். ஸ்னோ ஒயிட்டில் அரசி கிழவியாக மாறும் காட்சியில் அழும் குழந்தைகள் அதிகம். டிக் விட்டிங்டனில் எலி ராஜா வருவான். கதையிலுள்ள விட்டிங்டன் உண்மையிலேயே லண்டன் மேயராக இருந்து 1423இல் இறந்தவர். பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளைக்குச் சொன்னால் பிடிக்கும்.

கேள்வி: அக்கா, எங்கட மகனுக்கு ஆறு வயசு. ஊரிலயிருந்து வந்து அஞ்சு மாசம்தான், இங்கிலிஷ் அவ்வளவா விளங்காது. அம்மம்மாவும் வாறா. காசு வீணாப் போகுமோ?

வீணாகாது தம்பி. முதல்நாள் இரவு கதையைத் தமிழிலேயே சொல்லிவிடுங்கள், யார் நல்லவர், யார் கெட்டவர், கடைசியில் கல்யாணம் என்பது வரை. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று நினைக்காதீர்கள். பான்டோவில் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மொழியே வேண்டாத காட்சி ஒன்று உண்டு. ஒரு பெஞ்சில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, பயம் போக ஒரு பாட்டுப் பாடுவார்கள். வெள்ளைத் துணிப் பேய் பின்னால் எட்டிப்பார்க்கும். அரங்கு கத்தும். அவர்கள் எழுந்து பெஞ்சைச் சுற்றி வருவார்கள், பேயும் அவர்கள் பின்னாலேயே சுற்றும், யார் கண்ணிலும் படாது. ஒருவர் குறைவார், பிறகு இன்னொருவர். கடைசியில் டேம் மட்டும் மிஞ்சித் திரும்பிப் பார்ப்பார். அலறிக்கொண்டு ஓடுவது பேய்! பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமைதான் குழந்தையை அப்படிக் கத்த வைக்கிறது. உங்கள் மகனும் கத்துவான்.

டேம், முன்பே சொன்னதுபோல், பெண் வேடமிட்ட ஆண். அம்மம்மாவுக்குக் கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவது புதிதாக இராது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஆண் என்பதை மறைக்கவே மாட்டார்கள், சிரிப்பே அதில்தான். அம்மம்மாவுக்குப் படி ஏற முடியாவிட்டால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் மேல்தட்டுக்கு லிஃப்ட் இல்லாமலிருப்பது சகஜம்.

கேள்வி: கழிப்பறைக்கு எப்போது கூட்டிப்போவது?

தொடங்க 10 நிமிடம் முன்பு கட்டாயம். முதல் பாதி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். நடுவில் அவசரமென்றால் நாயகனும் நாயகியும் மெதுவான காதல் பாட்டைத் தொடங்கும் நேரம் பார்த்து எழுந்துவிடுங்கள். அதில் குழந்தைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இடைவேளை 20 நிமிடம்தான், பெண்கள் வரிசை அதற்குள் முடியாது. ஒருவர் ஐஸ்கிரீம் வாங்கட்டும், மற்றவர் இடைவேளைக்கு விளக்கு எரியும் முன்பே பிள்ளையோடு வாசல் பக்கம் நகர்ந்துவிடுவது நல்லது.

கல்யாணக் காட்சிக்கு முன் திரையை இறக்கிவிட்டு, பாட்டு வரிகளை எழுதித் தொங்கவிட்டு எல்லோரையும் பாடவைப்பார்கள். திரைக்குப் பின்னால் மேடை அமைப்பையும் உடைகளையும் மாற்ற அந்த நேரம் தேவை. சில இடங்களில் அப்போது குழந்தைகளை மேடைக்கு அழைப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் வெளியே போய்விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மேடையிலிருந்து மிட்டாய் வீசுவார்களாமே?

வீசுவார்கள், அல்லது பணியாளர் கையில் கொடுப்பார்கள். ஜெல்லி வகைகளில் பன்றி, மாட்டு ஜெலட்டின் இருப்பது வழக்கம். பையில் நீங்கள் தேர்ந்தெடுத்த மிட்டாய் வைத்துக்கொண்டு, 'பிடித்ததை என்னிடம் கொடு, மாற்றித் தருகிறேன்' என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள். இருட்டில் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் இதே வழி.

கேள்வி: மகளுக்கு ஆட்டிசம். சத்தம் தாங்க மாட்டாள்.

'ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ்' என்று பல அரங்குகள் சீசனில் ஒன்றிரண்டு காட்சிகள் போடுகின்றன. அரங்க விளக்கு முழுதாக அணையாது, ஒலியைக் குறைப்பார்கள், வெடியை எடுத்துவிடுவார்கள் அல்லது குறைப்பார்கள். எழுந்து நடக்கலாம், வெளியே போய் வரலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அரங்கின் படம், நடிகர் படமெல்லாம் போட்ட 'விஷுவல் ஸ்டோரி' கேட்டால் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே அதைத் தினமும் காட்டுங்கள். காது மறைப்பியை வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள், வெடிச் சத்தம் கேட்ட பிறகு மாட்டினால் பயன் குறைவு.

கேள்வி: கைக்குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா? எப்போது போனால் மலிவு?

பெரும்பாலான அரங்குகளில் மடியில் இருந்தாலும் வேண்டும். தீ விபத்தின்போது ஆள்கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக. கட்டணம் சிறியதாகவோ இலவசமாகவோ இருக்கும். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்கள்தான் அதிக விலை. புத்தாண்டுக்குப் பிந்தைய நாட்களில் குறையும். டிசம்பர் முதல் வாரங்களின் வார நாள் பகல் காட்சிகளில் பள்ளிக் கூட்டம் நிறைந்திருக்கும், சத்தம் இரு மடங்கு. மதியம் தூங்கும் குழந்தையென்றால் இருப்பதிலேயே முந்திய காட்சியாகப் பார்த்து எடுங்கள். மாலை 7 மணிக் காட்சி முடிய 9.30 ஆகிவிடும்.