என்ஜினுக்கு முன் உங்கள் கால்களை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். 350 கன அங்குல ஷெவர்லே வி8 என்ஜின் கைவசம் உள்ளது. பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஃபமோசோ ஓடுதளத்தில் நடக்கும் பழைய பாணி டிராக் பந்தயங்களுக்காக (நேர்க்கோட்டில் குறுகிய தூரம் சீறும் பந்தயம்), ஓட்டுநருக்கு முன்னால் என்ஜின் இருக்கும் டிராக்ஸ்டர் என்ற நீண்ட வண்டி கட்ட ஆசை. 1960களில் செய்த சேஸிஸ் (வண்டியின் குழாய்ச் சட்டகம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கி வேலையைத் தொடங்கலாமா?

பதில்: பந்தயத்தில் ஓட்டுவதற்கு அதை வாங்காதீர்கள். பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தவிர, இவ்வளவு எடை குறைந்த வண்டியில் நன்றாகத் தயாரித்த 350 இருந்தால், கால் மைலை 10 விநாடிக்குள் கடந்துவிடும். 9.99 விநாடியோ அதற்கும் வேகமோ என்றால் அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்ஹெச்ஆர்ஏ அமைப்பின் சேஸிஸ் சான்றிதழ் கட்டாயம். குழாய்ச் சுவரின் தடிமனைக்கூட ஒலியலைக் கருவி வைத்து அளப்பார்கள். அண்மையில் சான்றிதழ் பெற்ற சேஸிஸை வாங்குங்கள். அல்லது குரோமோலி என்ற வலுவான எஃகுக் கலவைக் குழாயில் புதிதாகக் கட்டுங்கள். வெல்டிங்கை அனுபவசாலியிடம் ஒப்படையுங்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வெல்டிங் தழும்பைத் தேய்த்துவிட்டால் பரிசோதனையில் தேறாது.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு மிக முக்கியமான விஷயம். 1954இல் பந்தய வீரர் மிக்கி தாம்சன் தன் டிராக்ஸ்டரில் ஓட்டுநரைப் பின் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) பின்னால் உட்கார வைத்தார். சக்கரங்களுக்குப் பிடிமானம் கூடியது. ஆனால் ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டி ஓட்டுநரின் இரு கால்களுக்கும் நடுவே வந்துவிட்டது. கியர்பாக்ஸ் பாதங்களுக்குப் பக்கத்தில். 1970 மார்ச் 8 அன்று லாங் பீச்சை ஒட்டிய லயன்ஸ் ஓடுதளத்தில் புகழ்பெற்ற டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் கியர்பாக்ஸ் வெடித்தது. வண்டி இரண்டு துண்டானது. அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அதன் பிறகு அவர் என்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டி, 1971இல் கலிஃபோர்னியாவின் போமோனாவில் நடந்த பந்தயத்தில் வென்றார். சில ஆண்டுகளில் உச்சப் பிரிவிலிருந்து முன் என்ஜின் வண்டிகளே மறைந்துபோயின.

அவர் கைவிட்ட அமைப்பைத்தான் நீங்கள் விரும்பிக் கட்டப்போகிறீர்கள். அந்த நீண்ட மூக்கின் அழகுக்காக நானும் விரும்புவேன். அதனால்தான் சொல்கிறேன்: இருக்கையிலிருந்து தொடங்குங்கள். தீத்தடுப்பு உடை, ஹெல்மெட், காலணி எல்லாவற்றையும் அணிந்து உட்காருங்கள். உடையின் தடிமனை மறந்து, ஓட்டுநரைச் சுற்றி வரும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டை அளந்தால் பிறகு உள்ளே நுழையவே முடியாது. ஹெல்மெட்டுக்கு மேல் குறைந்தது 3 அங்குலம் இடைவெளி வேண்டும். கால்கள் எங்கே போகும் என்று முடிவான பிறகுதான் ஆக்சிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடம் குறியுங்கள்.

என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜருக்கு ஒதுக்கிய பணம் இருந்தால், முதலில் கவசங்களில் போடுங்கள். இரண்டு வேக பவர்கிளைடு தானியங்கி கியர்பாக்ஸ் உங்களுக்குப் போதும். அதற்கு பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 4.1 தரக் கவசம், என்ஜின் முனையில் சுழலும் தட்டுக்குத் தனிக் கவசம், கியர்பாக்ஸை ஆக்சிலோடு இணைக்கும் தண்டைச் சுற்றி முழு வட்டமாக எஃகு உறை. பழையதை வாங்கினால் ஒட்டுச்சீட்டில் உள்ள தேதியைப் பாருங்கள், காலாவதியானதைத் தொடாதீர்கள். திறந்த வண்டி என்பதால், கவிழ்ந்தால் கைகள் கூண்டுக்கு வெளியே போகாமல் தடுக்கும் பட்டையும் வேண்டும். மணிக்கு 150 மைலைத் தொட்டால் பாரசூட் கட்டாயம்.

எண்ணெயையும் கவனியுங்கள். முன்னால் கசியும் ஒவ்வொரு சொட்டும் உங்கள் ஹெல்மெட் கண்ணாடியில்தான் வந்து விழும். என்ஜினின் காற்றுத் துளைகளிலிருந்து குழாய் இழுத்து ஒரு சேகரிப்புக் கலத்தில் விடுங்கள்.

முதல் குழாயை வெட்டும் முன் உங்கள் வரைபடத்தை என்ஹெச்ஆர்ஏ சேஸிஸ் பரிசோதகரிடம் காட்டுங்கள். தாளில் ஒரு கோட்டை அழிப்பது எளிது. கட்டி முடித்த கூண்டை அறுப்பது மனத்தையும் சேர்த்து அறுக்கும்.