‘மூன்று முறை போயும் ஒன்றும் சொல்லவில்லையே!’: வாசகர் கேள்விகளுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: எனக்கு மணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணவருடன் ஏற்பட்ட மனத்தாங்கலால் நான்கு மாதமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறேன். ஆலோசகர் ஒருவரிடம் மூன்று முறை சென்று வந்தேன். நான் பேசுகிறேன், அவர் கேட்டுக்கொள்கிறார், இடையிடையே ஏதாவது கேட்கிறார். ‘திரும்பிப் போ’ என்றோ ‘போகாதே’ என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் கட்டிப் புலம்பிவிட்டு வருவதற்கு ஆலோசகர் எதற்கு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனாலும், நான்கு மாதமாகப் பிறந்த வீட்டில் இருக்கும் உங்களுக்கு அறிவுரைப் பஞ்சம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அம்மா ஒன்று சொல்லியிருப்பார், அண்ணி வேறொன்று சொல்லியிருப்பார், அக்கம்பக்கத்தார் கேட்காமலேயே சொல்லியிருப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை என்றால், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை இடைமறிக்காமல் கேட்க யாருமே வாய்க்கவில்லை என்று பொருள். அந்த இடத்தில்தான் உங்கள் ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அறிவுரை சொன்னவள்தான். கல்லூரிப் படிப்பே பிடிக்கவில்லை என்று வந்த ஒரு மாணவியிடம், அரை மணி நேரம்கூட முழுதாகக் கேட்காமல், ‘இன்னும் ஒரு வருடம்தானே, முடித்துவிட்டு யோசிக்கலாம்’ என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர் பிறகு வரவேயில்லை. வீட்டில் அவருக்குச் சொல்லப்பட்டதும் அதே வாசகமாகத்தான் இருந்திருக்கும் என்பது எனக்குத் தாமதமாகவே உறைத்தது. அந்தப் பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒருவர் மனம் மாற்றம் பெறுவதற்கு ஆறு நிபந்தனைகளைக் குறிப்பிட்டார். அவற்றுள் மூன்று ஆலோசகரைப் பற்றியவை: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதிருத்தல், வந்தவரை நிபந்தனையின்றி ஏற்றல், அவர் நிலையில் நின்று உணர்தல். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இம்மூன்றில், என் அனுபவத்தில் இரண்டாவதுதான் கடினம். மனைவியை அடித்துவிட்டு வந்து அழும் ஒருவரின் செயலைத் துளியும் ஏற்காமல், ஆனால் அவரை அறையைவிட்டுத் துரத்திவிடாமல் உட்கார்ந்திருப்பதற்கு எனக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

கேட்பதால் என்ன நடக்கிறது என்பதற்கு, அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மூன்று வாரமும் முழங்கால் வலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை பற்றி மட்டுமே பேசினார். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது என்பதை அவருடைய மகன் சொல்லித்தான் அறிந்திருந்தேன். ‘பேரப்பிள்ளைகளைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சொல்லவில்லை. நான்காவது வாரம், மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தவர், நெடுநேரம் கழித்து, ‘காலையில இன்னமும் ரெண்டு டம்ளர் காப்பி போட்டுடறேன், அம்மா’ என்றார். நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பிறகு அவராகவே மனைவியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அவர் மறுபடியும் முழங்காலுக்கே போயிருப்பார்.

எப்போதும் இப்படித்தான் இருப்பேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் நேரடியாகவே பேசுவேன். தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேட்பேன். கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. உங்கள் கணவர் வீட்டில் அடி உதை இருந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அதை முதலில் ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். பேச்சின் வரிசையே மாறிவிடும்.

வழிமுறைகளிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிந்தனைவழிச் சிகிச்சையில், எந்த நேரத்தில் எந்த எண்ணம் வந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்று வீட்டில் எழுதிவரச் சொல்வார்கள். கையில் வேலை கொடுத்தால் தெம்பாக உணர்பவர்களுக்கு அது பொருந்தும். ஆகவே, அடுத்த முறை செல்லும்போது, எனக்கு எழுதிய இதே கேள்வியை அவரிடமே கேளுங்கள். ‘நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது, எந்த முறையில் என்னோடு வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அதற்கு அவர் முகம் சுளித்தால், வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் 20 வயது மகளை ஆலோசனைக்கு அனுப்புகிறேன். என்ன பேசினாள் என்று கேட்டால் ஆலோசகர் சொல்ல மறுக்கிறார். தகப்பனுக்கும் தெரியக் கூடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, கட்டணம் நீங்கள் செலுத்தினாலும் பேச்சு உங்கள் மகளுடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரைப் பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. என் வழக்கம் என்னவென்றால், முதல் நாளில் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே பத்து நிமிடம் உட்கார வைத்து, எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்பதை இருவர் காதிலும் விழும்படி கூறிவிடுவேன். அப்படி ஒரு சந்திப்பை நீங்களும் கேட்கலாம். மகள் வீடு திரும்பியதும் ‘என்ன சொன்னாய்?’ என்று கேட்காமல், ‘சாப்பிடுகிறாயா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆலோசனை பெறுவதால் மனநல மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். என்னைப் போன்ற ஆலோசகருக்கு மாத்திரை எழுதவும் உரிமை இல்லை, நிறுத்தச் சொல்லவும் உரிமை இல்லை. சில மாத்திரைகளைத் திடீரென விட்டால் உடல் தாங்காது; மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இடையில் மனம் மிகவும் தளர்ந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசிவழி மனநல உதவியான ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.