மாந்தோன் போகிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டிய கடலோர ஊர் மாந்தோன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பிப்ரவரியில் போனால் குளிரில் விறைத்துவிடுவோமா அண்ணா?
மாட்டீர்கள். பகலில் 12, 13 டிகிரி இருக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும். ஊருக்குப் பின்னாலேயே ஆல்ப்ஸ் மலை எழுந்து வடக்குக் காற்றை மறித்துவிடுகிறது, முன்னால் கடல், அதனால் உறைபனி அபூர்வம். அங்கே எலுமிச்சை விளைவதற்குக் காரணமும் அதுதான்.

எலுமிச்சைத் திருவிழாவில் செய்யும் உருவங்கள் எல்லாம் உள்ளூர்ப் பழத்திலா?
இல்லை. சுமார் 140 டன் எலுமிச்சை, ஆரஞ்சு பிடிக்கும், பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வருகிறது. உள்ளூர்ப் பழம் விலை அதிகம், 2015இல் புவிசார் குறியீடு வாங்கியது, தோலோடு சாப்பிடலாம். அதை ரப்பர் பேண்டு போட்டுக் கம்பியில் கட்ட யாருக்கு மனசு வரும்?

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
‘சோக்கா’ என்ற உள்ளூர்ப் பலகாரம் இருக்கிறதே! கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள், ஓரம் முறுகிய அடை மாதிரி வரும். மிளகுத்தூள் தூவிச் சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் ரப்பர்தான். பிஷாட் என்ற தக்காளி, வெங்காய ரொட்டியில் மட்டும் நெத்திலி வைப்பது வழக்கம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் மொனாக்கோவின் கையில் இருந்ததாமே, உண்மையா சார்?
உண்மைதான், பல நூற்றாண்டுகள். எலுமிச்சை ஏற்றுமதிக்குக்கூட இளவரசர் வரி போட்டதில் ஊர்க்காரர்கள் கடுப்பாகி, 1848இல் பக்கத்து ரோக்பிரூனையும் சேர்த்துக்கொண்டு தனி நகரங்கள் என்று அறிவித்துப் பிரிந்துவிட்டார்கள். 1860இல் வாக்கெடுப்பு நடந்து பிரான்சோடு சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டு இளவரசர் மூன்றாம் ஷார்ல் 40 லட்சம் பிராங்குக்குத் தன் உரிமையை விற்றார். நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போன மொனாக்கோ சூதாட்ட விடுதியை நம்பிப் பிழைக்க ஆரம்பித்ததற்கு இந்த எலுமிச்சை வரியும் ஒரு காரணம் என்பேன்.

ஊரில் ஆங்கிலேயர் கல்லறைகள் ஏன் இத்தனை?
ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் காசநோயோடு 1859இல் அங்கே போனார், சாகத்தான் போனார் என்று வையுங்கள், பிழைத்துக்கொண்டார். அதைப் புத்தகமாக எழுதியதும் காசநோயாளிகள் குளிர்காலம் தோறும் வரத் தொடங்கினார்கள், எல்லோரும் பிழைக்கவில்லை. ரக்பியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வெப் எல்லிஸ் கல்லறையும் அங்கேதான், அந்தக் கதைக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம் என்றாலும்.

கடற்கரை மணலா?
பெரும்பாலும் கூழாங்கல். செருப்பு அவசியம்.

அப்படியே இத்தாலிக்குள் ஒரு எட்டு போய் வரலாமா?
தாராளமாக. வென்டிமிலியாவுக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது, வெள்ளிக்கிழமை என்றால் பெரிய சந்தை. திரும்பும்போது ரயிலில் போலீஸ் சோதனை சகஜம், பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.