ஓட்டுப் போடும்போது மேயர் யாரென்று தெரிய வேண்டாமா?

கேள்வி: மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் என்ன? எப்படியும் கட்சித் தலைமை கைகாட்டுகிறவர்தானே மேயர்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கைகாட்டுவது கட்சித் தலைமைதான், சரி. ஆனால் நேரடித் தேர்தல் என்றால் கைகாட்டிய ஆளை உங்கள் தெருவுக்கு அனுப்பியாக வேண்டும். 2011-ல் திமுகவின் மா.சுப்பிரமணியனா, அதிமுகவின் சைதை துரைசாமியா என்று தெரிந்துகொண்டுதான் சென்னை ஓட்டுப் போட்டது.

2022-ல் பிப்ரவரி 19 அன்று ஓட்டுப் போட்டோம். மேயர் யார் என்று திமுக அறிவித்தது மார்ச் 3-ஆம் தேதி. மறுநாளே ஆர்.பிரியா பதவியேற்றார். 200 வார்டுகளில் 153 திமுகவிடம் இருந்தபோது மாமன்றத்தில் யார் எதிர்த்து நிற்பார்கள்? 28 வயதில், சென்னையின் முதல் தலித் பெண் மேயர். எனக்கு அதில் மனநிறைவான மகிழ்ச்சி. ஆனால் அவருக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு உங்கள் பக்கத்து 74-வது வார்டுக்கு மட்டும்தான் கிடைத்தது. அவர்களும் கவுன்சிலர் என்றுதான் போட்டார்கள். அந்தப் பெருமையை ஊரே சேர்ந்து கொடுத்திருக்க வேண்டும்.

இதில் இரண்டு கழகங்களுமே குற்றவாளிகள். 1996-லும் 2001-லும் நேரடித் தேர்தல். இரண்டிலும் வென்றவர் மு.க.ஸ்டாலின். 2006-ல் திமுக ஆட்சி அதை, கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலாக்கியது. 2011-ல் அதிமுக நேரடிக்குத் திரும்பியது. 2016-ல் அதே அதிமுக மறைமுகம் என்றது, அப்புறம் நேரடி என்றது, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம் என்றது. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அரசியல் சட்டம் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. தேர்தல் நெருங்க நெருங்க ஆளுங்கட்சி தன் வசதிக்கு விதியை மாற்றிக்கொள்ள அதுவே வழியாகிவிட்டது. நடுவில் 2016 முதல் 2022 வரை சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அதிகாரிகள் ஆட்சிதான்.

மறைமுகத் தேர்தலில் மேயரின் கண் கவுன்சிலர்கள் மேலும் மாவட்டச் செயலாளர் மேலும்தான் இருக்கும். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். நெல்லையில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களோடு நெடுநாள் மோதல். அடுத்த மேயர் தேர்விலும் திமுக வேட்பாளரை எதிர்த்து திமுக கவுன்சிலர் ஒருவரே நின்றார். கட்சி வேட்பாளருக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்றவருக்கு 23 என்று முடிந்தது. குப்பையும் குடிநீரும் யாருடைய பிரச்சினையோ அந்த நெல்லை மக்களுக்கு இதில் ஒரு வார்த்தை சொல்லக்கூட இடமில்லை.

மேயர் ஒரு கட்சி, மன்றம் வேறு கட்சி என்றால் வேலை நடக்காது என்பார்கள். அந்தச் சிக்கல் உண்மைதான். அதற்கு மேயருக்கும் மன்றத்துக்கும் கமிஷனருக்கும் உள்ள அதிகாரத்தைச் சட்டத்தில் தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும். மக்களின் ஓட்டைப் பறிப்பது அதற்குத் தீர்வாகாது.

சட்டம் மாறும்வரை கட்சிகள் ஒன்று செய்யலாம்: வேட்புமனு தாக்கலின்போதே தங்கள் மேயர் வேட்பாளரை அறிவிக்கலாம். இதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அடுத்த முறை வார்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், உங்கள் கட்சி ஜெயித்தால் மேயர் யார் என்று முதலில் கேளுங்கள்.