ரோம் காம்பிதோலியோ சதுக்கத்தில் குதிரைமேல் இருக்கும் ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் சிலை அசலா? நகல் என்றால் அசலை ஏன் எடுத்தார்கள்?

நகல்தான். 1997ல் வைத்தது. அசல் அதே சதுக்கத்தை ஒட்டிய காப்பிதோலினோ அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

1979ல் சதுக்கத்தில் உள்ள நகராட்சி மாளிகையில் குண்டு வெடித்தது. பாதிப்பு உண்டா என்று சிலையை ஆராய்ந்தபோதுதான், அது பல காலமாகவே அரித்துக்கொண்டிருப்பது தெளிவானது. 1981ல் பீடத்திலிருந்து இறக்கினார்கள்.

அரிப்புக்குக் காரணம் வண்டிப்புகை மட்டும் இல்லை. இது தங்க முலாம் பூசிய வெண்கலம். தங்கம் அரிக்காது, அடியில் வெண்கலத்தில் உள்ள செம்பு அரிக்கும். இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் சின்ன பேட்டரி மாதிரி வேலை நடக்கும்; செம்பு கரைந்து, களிம்பாகி, மேலே இருக்கும் தங்கத்தைப் பொருக்காகத் தள்ளிவிடும். காற்றில் கந்தகப் புகை கலந்தால் மழைநீரே அமிலமாகி இதை வேகப்படுத்தும். போதாக்குறைக்கு, துண்டு துண்டாக வார்த்து இணைத்த, உள்ளே கூடான சிலை. விரிசல் வழியாகப் புகுந்த தண்ணீர் லேசில் காயாது.

‘மெழுகு பூசி வெளியிலேயே வைத்திருக்கலாமே’ என்பார்கள். வெளியில் நிற்கும் வெண்கலத்துக்கு மெழுகு நிரந்தரம் இல்லை, அடிக்கடி கழுவித் திரும்பப் பூச வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் மிச்சத் தங்கமும் போகும். உள்ளே கொண்டுபோனது சரியான முடிவு என்பதே என் கருத்து.

இவ்வளவு காலம் தப்பியதே ஆச்சரியம். ரோமானிய வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். இதையோ கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று தவறாக நினைத்து விட்டுவைத்தார்கள். ரோமின் லாத்தரன் பகுதியில் நின்றதை 1538ல் போப் மூன்றாம் பவுல் இங்கே கொண்டுவந்தார். பீடம் மைக்கலாஞ்சலோ வடிவமைத்தது.

நேரில் பார்க்கப் போனால், முதலில் சதுக்கத்தில் நகலைப் பாருங்கள். சிலை நிற்க வேண்டிய இடமும் அளவும் அங்கேதான் புரியும். பிறகு டிக்கெட் எடுத்து உள்ளே, 2005ல் திறந்த கண்ணாடிக் கூரை மண்டபத்துக்குப் போங்கள். அசல் 4 மீட்டருக்கு மேல் உயரம். முகத்திலும் குதிரை மேலும் தங்கம் திட்டுத் திட்டாகத் தெரியும். அரசர் காலில் அங்கவடி (குதிரையில் ஏறுபவர் கால் வைக்கும் வளையம்) இல்லை பாருங்கள், அன்றைய ரோமானியருக்கு அது தெரியாது. தூக்கிய முன்னங்காலின் கீழே கட்டுண்ட எதிரி ஒருவனின் உருவம் இருந்ததாக இடைக்காலக் குறிப்புகள் சொல்கின்றன, இப்போது இல்லை.

குதிரையின் இரு காதுக்கு நடுவே இருக்கும் முடிக்கற்றையை ரோம்காரர்கள் ஆந்தை என்பார்கள். சிலை முழுக்கத் திரும்பப் பொன்னாகும் நாளில் அந்த ஆந்தை கூவி உலகம் முடியுமாம். நகலில் தேடாதீர்கள், அதில் பொன்னே கிடையாது.