விபத்து முடிந்த பிறகு வண்டி வந்த வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? லைட் எரிந்ததா என்பதும் தெரியுமா?

இரண்டுமே தெரியும், தடயம் மிச்சமிருந்தால். நான் மோட்டார் சர்வேயர், அதாவது விபத்தான வண்டியின் சேதத்தை இன்ஷூரன்ஸுக்காக மதிப்பிடுபவன். இன்ஷூரன்ஸ் தகராறுகளில் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகள்தான் வந்து நிற்கும்.

வேகத்துக்கு முதலில் பார்ப்பது ரோட்டில் டயர் தேய்த்த தடம். கணக்கு பள்ளிக்கூட இயற்பியல்தான். தடத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, உராய்வு எண்ணால் (ரோடு டயரை எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவு) பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை 16ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். காய்ந்த தார் ரோட்டுக்கு உராய்வு எண் சுமார் 0.7. நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு 20 மீட்டர் இழுத்திருந்தால் வேகம் ஏறக்குறைய 60. நனைந்த ரோட்டில் அந்த எண் 0.4க்குக்கூட இறங்கும், அதே 20 மீட்டருக்கு 45தான் கிடைக்கும். அன்று அந்த நேரத்தில் தூறல் இருந்ததா என்று பக்கத்து டீக்கடையில் விசாரிப்பதும் எங்கள் வேலைதான்.

ஆனால் இந்த 60 என்பது குறைந்தபட்சக் கணக்கு. தடம் முடியும் இடத்தில் வண்டி தானாக நின்றிருந்தால் மட்டுமே அது முழு வேகம். அங்கே 40 வேகத்தில் மோதியிருந்தால்? பலர் சட்டென்று 100 என்பார்கள். இல்லை, 72. வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டித்தான் மூலம் எடுக்க வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களில் தடம் சரியாகவே விழாது, ஆகவே தடம் இல்லை என்பதால் டிரைவர் பிரேக் போடவில்லை என்று சொல்லிவிட முடியாது. அப்போது வண்டியின் தகடு எவ்வளவு உள்ளே நசுங்கிப் போயிருக்கிறது, வண்டிகள் எங்கே போய் நின்றன என்று பார்க்க வேண்டும். சில கார்களில் ஏர்பேக் கணினியே மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தைப் பதிந்து வைத்திருக்கும். படிக்கத் தனிக் கருவி வேண்டும்.

லைட் விஷயம் எனக்கு இன்னும் பிடித்தது. எரியும் பல்பின் டங்ஸ்டன் இழை சூட்டில் இளகியிருக்கும். மோதிய அதிர்ச்சியில் சுருள் இழுபட்டு நெளிந்துவிடும். அணைந்திருந்த இழை அப்படி நீளாது, படக்கென்று ஒடியும். எரியும்போதே கண்ணாடி உடைந்தால் இழை காற்றுப் பட்டுக் கருகும், வெளிர்மஞ்சள் தூள் படியும், கண்ணாடித் துகள்கள் உருகி இழையில் ஒட்டியிருக்கும். எல்இடியில் இழையே இல்லை, அதனால் இந்த வழி அதற்கு உதவாது.

நம்மூரில் சிக்கல் என்னவென்றால், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கை பெரும்பாலும் "இயந்திரக் கோளாறு இல்லை" என்பதோடு முடிந்துவிடும். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரையும் ரஃப் ஸ்கெட்சில் அளவு இருப்பது அபூர்வம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கிரிமினல் வழக்கு அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் பக்கமும் தவறு உண்டு என்று முடிவானால் அந்தப் பங்குக்குத் தொகை குறையும். அதனால் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், வண்டியை நகர்த்துவதற்குள் தடத்தின் இரு முனையும் தெரியப் படம் எடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் உடைந்த ஹெட்லைட்டைக் குப்பையில் போடாமல் பல்போடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த பல்ப் எரிகிறதா என்று ஸ்விட்ச் போட்டுப் பார்க்க விடாதீர்கள், இழையில் உள்ள தடயம் கெட்டுவிடும்.