காய்கறிக் கடை: கேள்வி – பதில்

கேள்வி: கிராமத்தில் சின்னதாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். மண்டியில் 14 கிலோ தக்காளிப் பெட்டி 350 ரூபாய். கிலோ 30 ரூபாய்க்கு விற்கிறேன். கிலோவுக்கு 5 ரூபாய் நிற்க வேண்டும்; ஆனால் போட்ட முதலே திரும்புவதில்லை. ஏன்?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: 350-ஐ 14-ஆல் வகுத்ததுதான் தப்பு. வாங்கியது 14 கிலோ. ஆனால் விற்கப்போவது அவ்வளவு இல்லை. அடியில் நசுங்கியது, அழுகல், எடை போடும்போது கூடுதலாகப் போவது எல்லாம் கழித்து 12 கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம். சுமைகூலி, வண்டிச் செலவு 30 ரூபாய் என்றால் முதல் 380. 12 கிலோவை 30 ரூபாய்க்கு விற்றால் 360தான் வரும். பெட்டிக்கு 20 ரூபாய் கைநஷ்டம். அடக்க விலையே கிலோ 31 ரூபாய் 67 காசு. கிலோவுக்கு 5 ரூபாய் நிற்க வேண்டுமானால் 37-க்குக் குறைத்து விற்காதீர்கள். கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையும் காசு போட்டு வாங்கியதுதான். அதையும் அன்றாடச் செலவில் எழுதுங்கள்.

கழிவையும் குறைக்கலாம். பெட்டியை அப்படியே கவிழ்த்துக் கொட்டாமல் கையால் எடுத்துப் பிரித்து வையுங்கள். சாறு கசியும் பழத்தை அப்போதே அகற்றுங்கள். அந்த ஈரம் பட்டுத்தான் பக்கத்துப் பழமும் கெடுகிறது. ஈரம் பட்டதைத் துணியால் துடைத்தால் போதும், கழுவ வேண்டாம். காம்பு இருந்த வடு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி அழுகலைக் கூட்டும். பழுத்தது முன்னே, செங்காய் பின்னே, இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். தோல் தளர்ந்ததைச் சாயங்காலம் வரை வைத்திராமல் மதியத்துக்குள் கூறு வைத்து விலை குறைத்துத் தள்ளிவிடுங்கள். ரசத்துக்கு வாங்கிப்போக ஆள் உண்டு.

கேள்வி: கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தும் உள்ளே அழுகுகிறதே?

பதில்: தெளிப்பதால்தான் அழுகுகிறது. இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் தண்ணீர் தங்கிச் சூடேறிவிடும். கட்டைச் சற்றுத் தளர்த்தி, வேர்ப்பக்கம் மட்டும் ஓர் அங்குலத் தண்ணீரில் நிற்கும்படி அகலத் தட்டில் வையுங்கள். மேலே நனைத்துப் பிழிந்த சாக்கு. பழுத்த தக்காளி, வாழைப்பழம் பக்கத்தில் இருக்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் வாயு இலையை மஞ்சளாக்கும். முருங்கைக் கீரைக்கு இந்த வைத்தியம் பலிக்காது, இலை உதிரும். காலையில் விற்கும் அளவு மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மின்னணுத் தராசுக்கு முத்திரை எப்போது போட வேண்டும்?

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம். சான்றிதழைக் கடையிலேயே வைத்திருங்கள். தினமும் கடை திறந்ததும் தராசின் மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சாய்வாக இருந்தால் எடை மாறும்.